கல்லுக்கென்று ஒரு ஜோடி

“கல்லு!”

கீழேயிருந்து வந்த குரலை டெலியா காதில் வாங்கவில்லை. அடுத்த நொடி காலடியில் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம்... குப்புற விழுந்து கிடந்தாள். வாய் நிறையப் பனியும் காய்ந்த புல்லும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஹார்டாக் மலையில் நவம்பர் என்றால் இப்படித்தான். பக்கத்து மலைகளில் எந்திரம் வைத்துப் பனி தூவுகிறார்கள். இங்கே வானம் தந்தால் உண்டு. ஆனாலும் முதல் பனி கணுக்கால் அளவு விழுந்ததுமே வெர்மான்ட்காரர்களுக்குப் பொறுக்காது. காலில் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். முன்னால் போகிறவர் கல்லைப் பார்த்தால் பின்னால் வருபவருக்காகக் கத்த வேண்டும். அது இந்த மலையின் மரியாதை.

கத்தியவன் பக்கவாட்டில் அடி வைத்து ஏறி வந்தான்.

“காது கேக்காதா உங்களுக்கு?”

“கேட்டுச்சு. எந்தக் கல்லுன்னு சொல்லலையே... இங்க கல்லுக்கு நடுவுலதான பனியே இருக்கு.”

சிரித்துவிட்டான். மழைக்கு முந்தைய வானம் மாதிரி சாம்பல் நிறக் கண்கள்... பார்வையை எடுக்க டெலியாவுக்கு மறந்தே போனது.

“பலகை பாழாயிருக்குமே?”

“போனா போகுது. இது கல்லுக்குன்னே வெச்சிருக்கிற பழைய ஜோடி. நல்லதை கிறிஸ்துமஸுக்கு எடுத்து வெச்சிருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தானே...” என்று ஒரு காலைத் தூக்கி, பெயின்ட் உரிந்த தன் பலகையைக் காட்டினான்.

அவன் பெயர் ஆஸா. கீழே ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அடுத்த சனிக்கிழமை தற்செயலாகச் சந்தித்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை தற்செயல் இல்லை. அவன் முன்னால் போவான், கல்லென்று கத்துவான், அவள் ஒதுங்குவாள். ‘நீங்க’ எப்போது ‘நீ’யாக மாறியது என்று இருவருக்குமே தெரியாது.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. மலைக்கு வரும்போதெல்லாம் காரிலேயே கழற்றி வைத்துவிடும் நிச்சயதார்த்த மோதிரத்தைப் பற்றி. சொல்லிவிடலாம்... அடுத்த வாரம் சொல்லிவிடலாம்...

ஒருநாள் கழற்ற மறந்தாள்.

மலையடிவார விடுதியின் அடுப்பருகே, சூடான ஆப்பிள் சாற்றுக்காகக் கையுறையை உருவியபோது ஆஸா பார்த்துவிட்டான்.

“யாரு?”

“கிரஹாம். அப்பாவோட சிநேகிதர் பையன். பாஸ்டன்ல வக்கீல்... கிறிஸ்துமஸுக்கு வருவான்.”

“நல்லதை கிறிஸ்துமஸுக்கு எடுத்து வெச்சிருக்க.” மிக மெதுவாகச் சொன்னான். “அதுவரைக்கும் கல்லுல தேய்க்க நான். அப்படித்தானே?”

இல்லையென்று கத்த வாயெடுத்தாள். வீட்டு அலமாரியில் கிரஹாம் வாங்கித் தந்த புது ஜோடி உறைகூடப் பிரிக்காமல் இருப்பது நினைவுக்கு வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவளைச் சுட்டது.

பிறகு மழை. இருந்த கொஞ்சப் பனியிலும் பாதி கரைந்து, மிச்சம் இறுகிக் கண்ணாடியானது. ஆஸா தனியாகச் சறுக்கினான். அவளைக் கண்டால் வேறு பாதை.

ஒரு சனிக்கிழமை உச்சியில் அவனை வழிமறித்தாள். கையுறை இல்லை, விரலில் மோதிரமும் இல்லை. காலில் கிரஹாம் தந்த புது ஜோடி. ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். அடிப்பக்கம் கல் கிழித்த இரண்டு நீள வெட்டு, உள்ளே மரம் தெரிந்தது.

“பைத்தியமா உனக்கு? இதையா இங்க போடுவாங்க?”

“கிரஹாம்கிட்ட கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பா என்கூடப் பேசறதில்ல. எனக்கு எடுத்து வெக்க ஒண்ணுமில்ல, ஆஸா. உன்னத்தான் பிடிச்சிருக்கு.”

குனிந்து அந்த வெட்டைத் தடவிப் பார்த்தான். திரும்பிச் சறுக்கிப் போனான். முடிந்தது என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் போன தடத்திலேயே இறங்கினாள்.

வளைவுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

“கல்லு... இடது பக்கம்.”

ஒதுங்கினாள். அவன் நின்றிருந்தான், முகத்தைத் திருப்பாமல்.

“ஏன் கத்தின?”

“தெரியல. பழக்கம்.” பலகையின் முனையால் பனியைக் கீறினான். “பழக்கம்னு சொன்னது பொய்... எனக்கும் உன்னப் பிடிச்சிருக்கு, டெலியா. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இனிமே உன் கைய எப்பப் பிடிச்சாலும், மொதல்ல விரலைத்தான் பார்ப்பேன்.”