இரைச்சல் அடங்கிய பிறகு

மாமா அந்த வண்டியை என் பட்டறைக்கே கொண்டுவந்து நிறுத்துவார் என்று நான் நினைக்கவில்லை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தகரக் கூரை போட்ட, இரண்டு வண்டி நிற்கிற இடம். பழைய கார்களுக்கு சீட் தைப்பேன். உள்ளே வருகிற ரோட்டு இரைச்சலைக் குறைத்துக் கொடுப்பேன். அக்கா செத்ததே அந்த வண்டியின் பின் சீட்டில்தான். வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

"வரப்போறவளுக்கு இந்தச் சத்தம் ஆகலையாம், தலைவலி வருதாம்" என்றார். "நம்ம வீட்டுப் பொண்ணு நீ இருக்கும்போது வேற யார்கிட்டம்மா கொடுக்கறது?"

என்ன நெஞ்சழுத்தம்! ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

அக்காவுக்கு இழுப்பு உண்டு. வெளியூர் போய்த் திரும்பும்போது, பின் சீட்டில் படுத்து வந்தவளுக்கு வழியில் மூச்சு முட்டியிருக்கிறது. மருந்து முன்னால், டேஷ்போர்டுக்குள் இருந்தது. வீட்டு வாசலில் மாமா கதவைத் திறந்தபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. "வண்டி போடற சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் நம்பினார்கள். அம்மா ஒருபடி மேலே போய், மருமகனுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு தொண்டையை விட்டு இறங்கவில்லை. அவள் கூப்பிட்டது இந்த மனிதருக்கு நிஜமாகவே கேட்கவில்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

வேலை தொடங்கும் முன் நான் செய்கிற ஒன்று உண்டு. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். எங்கிருந்து இரைச்சல் வருகிறதோ அங்கே சாக்பீஸால் குறி வைப்பேன். வேலை முடிந்ததும் அதே ரோட்டில் இன்னொரு தடவை போவோம்.

மாமா ஓட்டினார். கல் குவாரிக்குப் போகிற ரோடு அது. வண்டி தடதடவென்று அதிர்ந்தது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு ஓலமிட்டது. நான் குனிந்து, எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டேன். "வலது பக்கம்தான் ஜாஸ்தி."

"ஆமா, வலது பக்கம்தான்" என்றார் மாமா, திரும்பாமலே.

சாக்பீஸ் கையிலேயே உடைந்தது.

என் முணுமுணுப்பே கேட்கிறது. மூச்சுக்குத் தவித்தவள் கூப்பிட்டது கேட்கவில்லையாம். அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்தால் என்ன சொல்வார்? அன்றைக்கு வேறு ரோடு என்பார், மழை என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் வண்டியைப் பிரித்துப் போட்டேன். சீட், தரை விரிப்பு, கதவின் உள்பலகை, ரேடியோ, எல்லாம் வெளியே வந்தன. வெறும் தகட்டைத் துடைத்து, கறுப்பு ரப்பர் ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டி, உருளையால் அழுத்தினேன். என் ஆத்திரமெல்லாம் அந்த உருளையில் இறங்கியது. ஒட்டுவதற்கு முன் விரலால் தட்டினால் கணீரென்று பாடுகிற தகடு, ஒட்டிய பிறகு மரக்கட்டையாகிவிடும். அதன்மேல் பஞ்சு விரித்து, சீட்டுக்குப் புது உறை போட்டேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் கொஞ்சம் வேலை பாக்கி இருந்ததால் ரேடியோவை மட்டும் திரும்ப மாட்டவில்லை.

மாமா வந்தபோது உச்சி வெயில். பழையபடி அவர் முன்னால், நான் பின்னால்.

"அடேயப்பா! வண்டி ஓடறதே தெரியலையே" என்று சிரித்தார்.

கண்ணாடிக்கு வெளியே தூசி பறந்தது. உள்ளே அவ்வளவு அமைதி. புது உறையின் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் ஏறின.

அதற்குள்ளே தைல வாசனை.

அக்கா நெஞ்சில் தடவிக்கொள்கிற தைலம். நான் தைலம் தொடுவதே இல்லை.

பக்கத்தில், நான் இறுக்கித் தைத்த சீட் மெதுவாக அமுங்கியது.

பிறகு அந்தச் சத்தம். மெல்லிய விசில் மாதிரி மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து, அந்த மூச்சு சீராகும்வரை தூங்காமல் கிடந்தவள் நான். எனக்கா அடையாளம் தெரியாது?

"என்னங்க..."

நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க... கொஞ்சம் நிறுத்துங்க."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு டேஷ்போர்டுக்குப் போனது. ரேடியோ இருந்த பொந்துக்குள் விரல்கள் நுழைந்தன. அங்கே இல்லாத குமிழை வலப்பக்கமாகத் திருகின. இன்னும் திருகின. சத்தத்தைக் கூட்டுகிற கை அது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினார். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே விழுந்தார்.

"அன்னைக்கு உங்கக்கா நடிக்கறான்னு நெனச்சேம்மா. காலையில சண்டை. சண்டைன்னா அவ இப்படித்தான் மூச்சு முட்டுதும்பா. அதான் பாட்டை..."

"பாட்டைச் சத்தமா வெச்சீங்க."

"எல்லாத்தையும் பிச்சு எடுத்துடும்மா. உன் கால்ல விழறேன். பழைய சத்தமே இருந்துட்டுப் போகட்டும்."

"அம்மாகிட்ட வந்து இதைச் சொல்லுங்க. அப்புறம் பிச்சு எடுக்கறேன்" என்றேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

சொன்னார். அம்மா, அவர் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொடுத்த வாக்குக்காகப் பிய்த்தேன். ஒட்டிய ஷீட்டைப் பிய்ப்பது லேசான வேலை இல்லை. சுரண்டிச் சுரண்டி விரல் நுனியெல்லாம் புண். கடைசியில் தகடும் ஓட்டுகிறவர் சீட்டும்தான் மிச்சம். பின் சீட்டைக்கூடத் திருப்பி மாட்டவில்லை. அப்படிப்பட்ட வண்டி குவாரி ரோட்டில் போனால் அடுத்த தெருவுக்குக் காது அடைக்க வேண்டும்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் வரல" என்று சொல்லி ரோட்டோரம் நின்றுகொண்டேன்.

மாமா வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வண்டி குதித்துக் குதித்து வருவது தெரிந்தது. கல் தெறித்து வெறும் தகட்டில் அடிப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

எஞ்சின் இல்லை. சக்கரம் இல்லை. மாமா ஹாரனை இரண்டு கையாலும் அமுக்கினார், வாய் கிழியக் கத்தினார். அதுவும் வெளியே வரவில்லை.

மேலே ஒரு காக்கை கத்தியது. அது கேட்டது.

வண்டி என்னைத் தாண்டும்போது, ஏற்றிவிட்ட கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, சீட்டே இல்லாத அந்தப் பின்பக்கத்திலிருந்து, குரல் வந்தது. இந்தத் தடவை இழுப்பு இல்லை. தெளிவாக, நிதானமாக இருந்தது.

"மெதுவாப் போங்க. இப்ப ஒண்ணும் அவசரமில்ல."