பட்டம் என்ற குறிப்பு

அந்தக் கணினி மேசைக் கதிரையின் உயரத்தை முதலில் கவனித்தது தானா, ஆனந்தராஜாவா என்று பிரவீணாவுக்கு இப்போது நிச்சயமில்லை. தான்தான் என்று நம்ப ஆசை. ஆனால் அவர் ஒன்றைக் கவனித்த பிறகும், அடுத்தவர் சொல்லும்வரை பேசாமலிருக்கக்கூடியவர்.

காப்புறுதி மோசடிகளை விசாரித்து ஓய்வு பெற்றவர் அவர். பிரவீணா அவருக்கு உதவியாக வந்த கோயம்புத்தூர்ப் பெண். இருவரையும் கிரவீனிலுள்ள தன் வீட்டுக்கு வரச்சொன்னவள் யோகா. அவளுடைய வீட்டுக் கணினி கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. மறைந்த கணவர் விக்னராஜா நோயில் கிடந்த மாதங்களில் பேசிப் பதிந்த குரல் அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

"ஒருத்தன் போன் எடுத்தவன், அண்ணை. கொம்பியூட்டரிலை வைரஸ் எண்டான். சொன்னதையெல்லாம் அமத்தினனான். பிறகு பயத்திலை வயரைப் பிடுங்கிப்போட்டன்," என்றாள் யோகா.

மெல்பேர்ணில் இருக்கும் மகள் சிவாஜினிக்கு அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி வந்தது, சிவாஜினி உட்பட வீடு நிறையச் சனம். எல்லோரும் போன பிறகு குரலைக் கேட்கலாமென்று உட்கார்ந்தபோது கணினி திறக்கவில்லை. வங்கிக் கணக்கில் யாரும் கை வைக்கவில்லை என்பதைப் பிரவீணா சரிபார்த்தாள்.

வீட்டில் தங்கிப் படிக்கும், மருமகன் முறையான உறவுப் பையன் நிதுஷனைப் பற்றி யோகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். யாழ்ப்பாணத்திலிருந்து போன வருடம் வந்தவன், எந்நேரமும் கணினியோடுதான். அன்று காலை அவன் அனுப்பிய செய்தியைக் காட்டினாள்: ‘மாமி, வரப் பிந்தும்.’

பிரவீணா வேண்டுமென்றே தவறான சொல்லை அடித்தாள். கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வந்தது: paddam.

படம் என்று வாசித்தாள். குடும்பப் படங்கள், சினிமாப் படங்கள், எடுத்த வருடங்கள் என்று எதையெதையோ முயன்றாள். பிறகு ஆனந்தராஜா யோகாவை அந்தக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவளுடைய கால்கள் நிலத்தில் படவில்லை.

தேநீருக்குக் குசினி மேசைக்கு வந்ததும் ஆனந்தராஜா விளக்கினார்.

"கடைசியா அதை உயர்த்தினது நெடுத்த ஆள். போனிலை கதைக்கிறவன் கதிரையை உயர்த்தேலாது. மற்றது, அது படமில்லைப் பிள்ளை, பட்டம். காத்திலை ஏத்திற பட்டம். நீங்கள் T போடுற இடத்திலை நாங்கள் யாழ்ப்பாணத்தார் D போடுவம்."

"அப்போ நிதுஷன்தானே, அங்கிள்? உயரமா இருக்காருன்னு ஹால்ல போட்டோல பாத்தேன். யாழ்ப்பாணம் வேற."

வாசலில் நிதுஷன் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கொண்டுவந்த பாலை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

"அவனில்லை," என்றார் ஆனந்தராஜா, அவன் அறைக்கதவைச் சாத்திய பிறகு. "அவன் தமிழைத் தமிழ் எழுத்திலைதான் அடிக்கிறவன். காலமை வந்ததைப் பாத்தனீர்தானே. இது தமிழ் கதைக்கத் தெரிஞ்ச, எழுதத் தெரியாத ஆள். இஞ்சை வளந்த ஆள். எழுத்துக்கூட்டல் மட்டும் தகப்பனிட்டைப் பழகினது."

யோகா பால் போத்தலைப் பார்த்தபடி இருந்தாள்.

"பொங்கலுக்கு அப்பாவும் மகளும் பார்க்கிலை பட்டம் விடுறவை. அவளும் அவரைப்போல நெடுத்தவள்தான்," என்றாள்.

சிவாஜினியை அழைத்தார்கள்.

"அப்பா கடைசியாப் பதிஞ்சதை டிலீட் பண்ணச் சொன்னவர், அம்மா. அதிலை அவர் அழுறார். நீங்க கேக்கக் கூடாதாம். ஐ ட்ரைட். என்னாலை ஏலேல்லை. அதான் பாஸ்வேர்ட்டை மாத்திப் பூட்டிப்போட்டு வந்தனான். அது குறிப்பு கேட்டது, வேறை ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை."

"நான் பக்கத்திலைதானே படுத்தனான்," என்றாள் யோகா. "அந்த அழுகை எனக்குத் தெரியாததே?"

சிவாஜினி அடுத்த வாரம் வந்து பூட்டைத் திறந்தாள். எதையும் அழிக்கவில்லை, பிரதிகள் எடுத்தாள். கடவுச்சொல் இப்போது தாய்க்கும் மகளுக்கும் தெரியும். யோகா கடைசிப் பதிவைக் கேட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசியவன் அகப்படவில்லை. பிரவீணா ஆனந்தராஜாவிடம்தான் இன்னும் வேலை செய்கிறாள். நிதுஷன் அந்த மாதமே வேறு அறை பார்த்துக்கொண்டு போனான். யோகா சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் ‘வேலை, மாமி’ என்று செய்தி வருகிறது, தமிழ் எழுத்தில்.