யன்னலைத் திறக்கச் சொன்னவர்

பிக்கரிங்கில் மிதுனன் நடத்தும் விற்பனை முற்றத்துக்குள் வாகீசன் தன் ட்ரெய்லரை இழுத்துவந்து நிறுத்தியபோது மத்தியானம் ஆகியிருந்தது. காலை மழை தார்த்தரையில் தேங்கிக் கிடந்தது. படுக்கையும் அடுப்பும் வைத்த வெள்ளை ட்ரெய்லர்கள் வரிசையாகக் கதவு சாத்தி நின்றன. இந்த வசந்தத்தில் வாங்கிய வண்டியை இலையுதிர் காலத்திலேயே மாற்ற வந்தால் எவனும் சிரிப்பான். வாகீசனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஷிவானி இனி ஒரு தடவைகூட அதற்குள் கால் வைக்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிழை அவன் பக்கமும் இருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் அவனும் மிதுனனும் வெக்ஸ்போர்ட்டில் அருள்நாயகி அன்ரியின் வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்து, ஒரே மெத்தையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். வேலை முடிந்து வரும் இருவருக்கும் அன்ரி இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியோடு படியில் காத்து நிற்பார். அப்படிப்பட்டவனிடம் போய், வண்டியின் பழைய பத்திரங்களைக் காட்டு என்று எந்த வாயால் கேட்பது? ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் வைத்திருந்த வண்டி என்றான் மிதுனன். போதுமாயிருந்தது. வாகீசனின் மனைவி துவாரகா நல்ல நாள் பார்த்தாள், ராகுகாலம் பார்த்தாள். வண்டி ஆர் கையிலிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

கோயிலில் வாகனப் பூசை நடந்தபோதே ஒன்று உறுத்தியது. சக்கரங்களுக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்களில், இழுக்கிற வண்டியின் கீழ் கிடந்தவை நசுங்கிச் சாறு தெறித்தன. ட்ரெய்லரின் சக்கரங்கள் ஏறி இறங்கியவை முழுசாகக் கிடந்தன. குருக்கள் குனிந்து அவற்றைப் பொறுக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

கோடை நல்லபடி போனது. ஒக்டோபர் நீள விடுமுறைக்கு ஏரிக்கரை முகாமுக்குப் போனபோதுதான் நடந்தது. வெளியே குளிர்மழை. அந்த ட்ரெய்லரில் முதல்முறையாக ஹீட்டரைப் போட்டு, யன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் படுக்கையில் சரிந்தார்கள்.

முதலில் மணம் வந்தது. இஞ்சி மணம்.

அடுப்பை அவர்கள் மூட்டவே இல்லை. எழுந்து பார்க்க வேண்டும் என்று வாகீசன் நினைத்தான். தலை கனத்தது. கையைத் தூக்கினால் அது வேறு யாருடைய கையோ போல விழுந்தது. மேல்தட்டுப் படுக்கையில் ஷிவானி யாருடனோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அன்ரி விண்டோவைத் திறக்கட்டாம்.”

எந்த அன்ரி என்று கேட்க வாயெடுத்தான். நாக்கு புரளவில்லை.

டக்.

கால்மாட்டு யன்னலின் கொளுக்கி தானாகக் கழன்றது.

டக். டக். டக்.

குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எப்படியோ எழும்பி, மனைவியையும் பிள்ளையையும் வெளியே இழுத்துப்போட்டு, ஈரப் புல்லில் விழுந்து சத்தி எடுத்தான். திரும்பிப் பார்த்தபோது எல்லா யன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. நீராவி படிந்த கண்ணாடி ஒன்றில், உள்பக்கமாக, வளர்ந்த ஓர் ஆளின் உள்ளங்கை பதிந்திருந்தது. பேய் பிடித்த வண்டி என்று துவாரகா அழுதாள். அவனுக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

மிதுனன் சிரித்த முகத்தோடு வந்தான். டயரைக் காலால் தட்டினான். கூரையை அண்ணாந்து பார்த்தான். “பாவிச்ச வண்டி, மச்சான். பெரிசா ஒண்டும் தரேலாது,” என்று இழுத்தான். வண்டி வியாபாரிகள் பேரத்துக்கு முதல் உள்ளே புகுந்து, மெத்தையைத் தூக்கி, குழாயைத் திருகி, நாலு குறை பிடிக்காமல் விடமாட்டார்கள். இவன் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

“உள்ளுக்குப் பாக்கேல்லையோ?” என்றான் வாகீசன்.

“எனக்குத் தெரியாத வண்டியே?”

“அப்ப உள்ளுக்கு இஞ்சித் தேத்தண்ணி மணக்கிறதும் தெரியுமோ?”

டயரில் வைத்த காலை மிதுனன் மெல்ல எடுத்தான். அவன் முகத்தில் இருந்த இரத்தம் எங்கோ போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் வாகீசன் ஓரடி கிட்ட வந்தான்.

“அன்ரி எங்க, மிதுனன்?”

“லண்டனில... தங்கச்சியோட...”

“அது நீ எனக்குச் சொன்னது. இப்ப உண்மையைச் சொல்லு.”

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அன்ரி இந்த ட்ரெய்லரை மிதுனனிடம் வாங்கி ஒரு முகாமில் தனியாக இருந்தார். ஒரு குளிர்நாளில் காஸ் ஹீட்டரின் நச்சுப்புகை உள்ளே நிறைந்துவிட்டது. “யன்னலுக்குக் கை நீட்டினபடிதான் கிடந்தவ,” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான் மிதுனன். வண்டி பிறகு அவன் முற்றத்துக்கே திரும்பி வந்தது.

“ஹீட்டரை மாத்தினனியோ?”

“துடைச்சு விட்டனான்.”

“செத்தவீட்டுக்கு என்னை ஏன் கூப்பிடேல்ல?”

“நீ அல்பேட்டாவில வேலைக்கு நிண்டனி. வந்தா வண்டியைப் பற்றிக் கேப்பாய்.”

வாகீசனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. முன்பின் தெரியாதவன் ஏமாற்றினால் திட்டித் தீர்க்கலாம். இவன் அன்ரியின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன். அவரைக் கொன்ற பெட்டியைத் துடைத்து மினுக்கி, அதற்குள் வாகீசனின் பிள்ளையைப் படுக்க விட்டிருக்கிறான். செத்துப்போனவர் காப்பாற்றினார், உயிரோடு நிற்கிறவன் கழுத்தறுத்தான்.

“உன்னைச் சும்மா விடமாட்டன்,” என்றான்.

“மெல்லக் கதை,” மிதுனன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். “அந்தா நிக்கிற பெடியன், திலக்சன், உன்ர வண்டியைத்தான் பாக்கிறான். நீ ஒரு நல்ல சொல்லுச் சொன்னா எடுப்பான். இதைத் தந்திட்டு உந்த வரிசையில நிக்கிற புது வண்டியொண்டை நீ கொண்டு போ, ஒரு சதமும் வேண்டாம். இல்லையெண்டா உது உன்னோடதான்.”

“ஹீட்டர்?”

“மாத்திப்போட்டுத்தான் குடுப்பன். சத்தியமா.”

அந்தச் சத்தியத்தின் பெறுமதி வாகீசனுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வண்டி தன் வாசலுக்குத் திரும்பி வரக் கூடாது என்பதில் மனம் ஒட்டிக்கொண்டது. மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றது.

திலக்சன் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்தான். சிரிப்பில் கூச்சம் இருந்தது.

“அண்ணை, நீங்கள் எங்கட ஆக்கள் எண்டபடியா கேக்கிறன். நம்பி எடுக்கலாமோ?”

ட்ரெய்லரின் கால்மாட்டு யன்னல் மெல்லத் திறந்தது. காற்று அடிக்கவில்லை.

வாகீசன் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

“ஓம், தம்பி. நல்ல வண்டி.”

யன்னல் சாத்திக்கொண்டது.

மோர்னிங்சைட்டில் அவன் வீட்டு வாசலில் புது ட்ரெய்லர் பின்னேர வெயிலில் பளபளத்தது. துவாரகா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கற்பூரம் எடுக்க உள்ளே போனாள். ஷிவானி அதற்குள் ஓடி ஏறிவிட்டாள். வாகீசன் தடுக்கவில்லை. புது வண்டி, ஒருவரும் பாவிக்காதது. காஸ் சிலிண்டர்கூட இன்னும் பூட்டவில்லை, வாங்கவே இல்லை.

இழுத்துவந்த வண்டியிலிருந்து ட்ரெய்லரின் கொளுவியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது பிள்ளை படியில் நின்றாள். முகம் வாடியிருந்தது.

“அப்பா, அன்ரி இதுக்கும் வந்திட்டா.”

அவன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

“ஷீ இஸ் ஸோ மேட், அப்பா. சரியான கோவம். அழுதவ. உங்களுக்கு எத்தினை நாள் தேத்தண்ணி தந்தனான் எண்டு கேட்டவ.”

“யன்னலைத் திறக்கச் சொன்னவவோ?” அவன் படிக்குக் கிட்டப் போனான்.

ஷிவானி இல்லையென்று தலையாட்டினாள். படியால் இறங்கி அவனைக் கடந்து போனாள்.

“என்னை வெளியில போகட்டாம். உங்களைத்தான் உள்ளுக்கு வரட்டாம்.”

இஞ்சி மணம் வாசல்வரை வந்தது.

உள்ளே யன்னல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

பிறகு, காஸே இல்லாத அந்த வண்டிக்குள், ஹீட்டர் மெல்ல மூண்டது.