கசப்புப் பருப்பு

தங்கைக்கு வயிற்றில் கட்டி. சிகிச்சை முடியும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று, பஸ் ஓட்டும் அக்கா அந்தப் பழைய மாடிவீட்டைப் பிடித்தாள். சாமான்களை ஏற்றிய அன்று வீட்டில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. ஓதம் ஏறிய சுவர், முனகும் ஜன்னல், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம், வேலை முடிந்து அக்கா படியேறும்போது மேலே கல்லால் எதையோ உடைக்கும் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். கதவைத் திறந்ததும் நின்றுபோனது.

தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில், ஆப்ரிகாட் பழக் கொட்டையை உடைத்தெடுத்த பருப்புகள். பார்வைக்குப் பாதாம் போலவே இருந்தன.

"யாருடி குடுத்தா?"

"உள் ரூம்ல இருக்கிற டாக்டர். தினமும் தின்னா கட்டி கரைஞ்சிடுமாம்க்கா."

உள்ளறையில் ஒருவருமில்லை. மூக்கைத் துளைக்கும் கசப்பு வாசனை மட்டும்.

திரும்பி வருவதற்குள் தங்கை தரையில் கிடந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள்.

மாற்று மருந்து ஏற்றிய டாக்டரம்மா பிறகு விவரம் சொன்னார். பழத்தால் ஆபத்தில்லை, தவறி விழுங்கிய முழுக் கொட்டைகூட அப்படியே வெளியே வந்துவிடும். உடைத்து மென்ற பருப்புதான் வயிற்றுக்குள் சயனைடாக மாறும். இன்னும் நாலைந்து உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது. முன்பு அங்கே குடியிருந்தவன் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு கட்டி வந்தவர்களுக்கு அந்தப் பருப்பைக் கொடுத்தானாம். ஐந்து பேர் செத்தார்கள். பருப்பின் மேல் தப்பில்லை என்று காட்ட, உள்ளறையில் உட்கார்ந்து தானே ஒரு பிடி தின்று அவனும் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் காலை வீட்டைக் காலி செய்ய அக்கா தனியாகப் போனாள். உள்ளறைத் தரையில் பருப்புகள் குவிந்து கிடந்தன. அப்போதுதான் உடைத்தவை.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

கன்னங்களில் சில்லென்று விரல்கள் பதிந்தன.

தாடை தானாகத் திறக்கத் தொடங்கியது.

அவள் பல்லைக் கடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, வாய் திறக்கவில்லை. அப்படியே குனிந்து பருப்புகளை வாரி, கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். விரல்கள் விலகின.

"செத்தும் தப்பை ஒத்துக்க மாட்டேங்கிற, இல்ல?" என்றாள் காலி அறையைப் பார்த்து. "என் தங்கச்சி பொழைச்சுட்டா. உன்னால முடிஞ்சதைப் பாத்துக்க."

கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்து சாத்திக்கொண்டன. அவள் ஓடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

வார்டில் தங்கை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் புதிதாகச் சேர்ந்த அம்மாள் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அவருக்கும் கட்டிதான்.

"கூட வந்தவரை உக்காரச் சொல்லும்மா. எவ்வளவு நேரம்தான் கையை நீட்டிக்கிட்டே நிப்பார்?"

அக்காவின் பிடரி மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டு, காலை அகட்டி உட்கார்ந்தாள்.

"நிக்கட்டும்மா," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."