கயிற்றின் மறுமுனை

எலுமிச்சைத் தோப்பின் கம்பிவேலி ஓரத்தில் பைக்கை நிறுத்தியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. புளியங்குடியைத் தாண்டி மேற்கே, தார்ச்சாலை முடிந்து மண்பாதையும் முடிந்துபோன இடம். பனியில் நனைந்த இலைகளின் வாசம் மூக்கில் ஏறியது. எதிரே மலை. அதன் உச்சியில், மேகத்துக்குள் பாதி செருகிக் கிடந்தது ஊசிமொட்டைச் சிகரம்.

செல்வக்குமார் நிமிர்ந்து பார்த்து மூக்கால் சிரித்தார்.

“இதுக்கா ஊரே பயப்படுது?”

அவர் சங்கரன்கோவிலில் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்து நாலு. வருஷத்துக்கு ஒருமுறை இமயமலைப் பக்கம் போய், கூலிக்குச் சுமை தூக்குகிறவர்கள் பின்னால் நடந்து, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார். அந்தப் படங்கள் கடைச் சுவர் முழுக்கத் தொங்கும். பேட்டரி வாங்க வருகிறவன் அவற்றைப் பார்த்து வாயைப் பிளந்த பிறகுதான் விலையே சொல்லுவார். தொப்பை போட்டவனையும் மெதுவாக நடப்பவனையும் அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பின்சீட்டிலிருந்து காலைத் தூக்கிப் போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த தங்கப்பழம் இரண்டு வகையிலும் அடக்கம். அவன் செல்வக்குமாரின் மனைவி முத்துமணிக்குத் தம்பி. விசைத்தறியில் சேலை நெய்கிறவன். முப்பத்து நாலு வயதில் தொண்ணூற்றிரண்டு கிலோ. மலை ஏறும் ஆசை அவனுக்குக் கனவில்கூட வந்ததில்லை. ‘ஒத்தையில போகாதீங்க’ என்று முத்துமணி நாலு நாளாக அழுதாள். அந்த மலையில் ஏதோ இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வேறு யாரும் கூட வரச் சம்மதிக்கவில்லை. அக்காவுக்காக வந்தான்.

“அக்கா சாதம் கட்டிக் குடுத்திருக்கா அத்தான். ரெண்டு வாய் சாப்ட்டுட்டு ஏறுவமா?”

“திங்கத்தான் வந்தியா? வீட்லயே கெடந்து தின்னிருக்கலாமே.”

தங்கப்பழம் பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்தான்.

வனத்துறையிடம் அனுமதி வாங்கியிருக்கவில்லை. கேட்டால் வழிகாட்டி ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். உள்ளூர் மலைக்கு வழிகாட்டி வைத்துக்கொள்வது செல்வக்குமாருக்கு அவமானம். இமயமலையில் அது ஏன் அவமானமாகத் தெரியவில்லை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

முள்ளுக்காடு, பிறகு பாறைச் சரிவு, பிறகு வெயில் நுழையாத காடு. அங்கே பாதை என்று எதுவும் கிடையாது. யானை முறித்துப் போட்ட கிளைகள்தான் வழி. அட்டைகள் தங்கப்பழத்தின் கெண்டைக்காலில் கருப்பு மணிகளாகத் தொங்கின. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். அவன் உட்காரும்போதெல்லாம் செல்வக்குமார் ஒரு பேச்சுப் பேசினார்.

“பன்னி மாதிரி இரையுதியே. அக்காளும் தம்பியும் ஒரே வார்ப்புல.”

தங்கப்பழம் இடது முழங்காலை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பதினோரு மணிக்குக் காடு முடிந்தது. முன்னால் புல் படர்ந்த குறுகலான பாறை முகடு. ஒரு ஆள் நடக்கும் அகலம். இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். அதன் முடிவில் ஊசிமொட்டை. செல்வக்குமார் பையிலிருந்து முப்பது மீட்டர் கயிற்றை எடுத்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைத் தங்கப்பழத்தின் இடுப்பிலும் கட்டினார்.

“நான் இழுத்தா வரணும். நான் நின்னா நிக்கணும். மாடு மாதிரி. வெளங்குதா?”

“முட்டு வலிக்கி அத்தான்.”

“வலிக்கும். வா.”

பாதி தூரம் போனதும் கேரளத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. அது மிதந்து வரவில்லை. கொட்டியது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. காற்று சட்டென்று நின்றுபோனது. பூச்சிகளின் சத்தமும் கூடவே நின்றது.

கயிறு பின்னால் இழுத்தது. ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றுமுறை. என்னவோ கத்துகிற சத்தம், பஞ்சுக்குள் அமுக்கினதுபோல் லேசாகக் கேட்டது.

“சாக்குச் சொல்லாத, வாலே!” என்று செல்வக்குமார் கயிற்றைச் சுண்டினார்.

கயிறு தளர்ந்தது. வெறுங்கயிறுபோல் லேசாகக் கைக்கு வந்தது. இரண்டு முழம், மூன்று முழம்.

பிறகு கனத்தது.

“வாரேன் அத்தான்.”

தங்கப்பழத்தின் குரல்தான். செல்வக்குமார் திருப்தியோடு நடந்தார். இந்த மாதிரி ஆட்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு கயிறு இழுக்கவே இல்லை. அவர் பத்து அடி வைத்தால் அதுவும் பத்து அடி வந்தது. அவர் நின்றால் நின்றது. அரை மணி நேரம் இப்படியே போனது.

ஏதோ குறைகிறது என்று அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. காலையிலிருந்து முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரைப்பு இல்லை.

“என்னல, மூச்சு வாங்கலியா?”

“மூச்சே வாங்கல அத்தான்.”

குரல் முப்பது மீட்டர் தூரத்திலிருந்து வரவில்லை. இன்னும் கிட்டத்தில். நாள்பட்ட ஈரத்துணியின் வாடை ஒன்று பனியோடு சேர்ந்து வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளை. கயிறு மட்டும் அந்த வெள்ளைக்குள் நீண்டு, ஆளுயரத்துக்கு மேலே, விறைப்பாக நின்றது.

“கயித்த ஏன்ல தூக்கிப் பிடிச்சிருக்கே?”

செல்வக்குமார் கயிற்றைச் சுண்டினார்.

“ஏலே!”

“திங்கத்தான் வந்தியா?” என்றது தங்கப்பழத்தின் குரல்.

செல்வக்குமாருக்குக் காது சூடானது. பயத்தால் இல்லை. ஆத்திரம். தறி ஓட்டுகிறவன், தன் தயவில் இங்கே வந்து நிற்கிறவன், தன்னையே திருப்பிக் கேட்கிறான்.

“என்ன சொன்னே?”

“பன்னி மாதிரி இரையுதியே.”

பிறகு சிரிப்பு. மூக்கால் சிரிக்கும் சிரிப்பு.

அப்போதுதான் கயிறு இழுத்தது.

இழுப்பு முன்னும் பின்னும் இல்லை, பக்கவாட்டில். பள்ளத்தை நோக்கி. செல்வக்குமார் குப்புற விழுந்தார். ஈரப்புல் மார்புக்குக் கீழே வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பாறைப் பிளவில் கை மாட்டியது. தோள் விண்ணென்று தெறித்தது. இடுப்பை இரண்டாகப் பிளப்பதுபோல் அந்தக் கனம் தொங்கியது. தொண்ணூற்றிரண்டு கிலோ, என்று அவர் மனம் கணக்குச் சொன்னது.

“அத்தான்,” என்றது கீழேயிருந்து. “விட்ராதீங்க அத்தான்.”

இந்த முறை அதில் கேலி இல்லை. அழுகைதான் இருந்தது.

செல்வக்குமார் இன்னொரு கையால் பையின் பக்கவாட்டிலிருந்து கத்தியை உருவினார். யோசிக்க நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்தார். முத்துமணியின் முகம் வந்தது. தங்கப்பழத்தின் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கயிற்றின் மறுமுனையில் தங்கப்பழம்தான் தொங்குகிறான் என்பதில் அந்த நேரத்தில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அறுத்தார்.

விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தமே வரவில்லை.

பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாய் தானாக முணுமுணுத்தது. “கால் வழுக்கிட்டு. கயிறு பிஞ்சிட்டு. நான் என்ன செய்ய?” இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். முத்துமணியிடம் சொல்ல இது போதும் என்று தோன்றியது.

மேலே, சிகரத்தின் பக்கமிருந்து, யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

அவர் அதன்பிறகு சிகரத்தைப் பார்க்கவே இல்லை. வந்த முகட்டில் நாலு காலில் தவழ்ந்தார். முழங்கை கிழிந்தது, நகம் பெயர்ந்தது. கால்சட்டை நனைந்தது பனியால் மட்டும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பனி மெலிந்து காட்டின் விளிம்பு தெரிந்தபோது, அங்கே ஒரு பாறையில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

தங்கப்பழம். காலை நீட்டிப்போட்டு, மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வந்துட்டீங்களா அத்தான்? மேல ஏறியாச்சா?”

செல்வக்குமாரின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“முட்டு சுத்தமா முடியல. மூணு வாட்டி கயித்த இழுத்தேன், கத்துனேன். நீங்க கேக்கல. கழட்டி விட்டுட்டு இங்கன வந்து உக்காந்துட்டேன்.” கை கழுவ பாட்டிலைத் திறந்தவன் புருவத்தைச் சுருக்கினான். “அப்புறம் ரொம்ப நேரம் யாரையோ ஏசிக்கிட்டே போனீங்களே. யாரு கூடப் பேசுனீங்க?”

தங்கப்பழத்தின் கண் செல்வக்குமாரின் இடுப்பில் தொங்கிய கயிற்றுத் துண்டுக்கு வந்தது. எழுந்து வந்து அதன் நுனியைக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் இழைகளைத் தடவிப் பார்த்தான். பதினாறு வருஷம் தறியில் நின்றவன்.

“இது பிஞ்சது இல்ல,” என்றான்.

“மாப்ள, அது வந்து...”

“பிஞ்சா நூல் நூலா தொங்கும். இது அறுத்தது.”

அவன் கயிற்றைக் கீழே விட்டான். மேலே முகட்டைப் பார்த்தான். பிறகு செல்வக்குமாரைப் பார்த்தான். அவர் இத்தனை வருஷமாக ஊரில் எல்லோரையும் பார்த்த பார்வை அது. அதைத் தன்மேல் யாரும் வைத்து அவர் கண்டதில்லை.

“நான் இருக்கேன்னு நெனச்சுத்தான் அறுத்திருக்கீங்க.”

செல்வக்குமார் தலை குனிந்தார்.

“நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க. பயம் ஒண்ணுமில்ல, இனிமே அறுக்கதுக்குத்தான் கயிறு இல்லியே.”

நொண்டி நொண்டி அவன் இறங்கினான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. செல்வக்குமாரும் திரும்பவில்லை. தனக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் எலுமிச்சைத் தோப்பு வரைக்கும் வந்ததை அவர் சொல்லவும் இல்லை.

தறிக்கூடத்துத் தெருமுனையில் தங்கப்பழம் பைக்கிலிருந்து இறங்கிக்கொண்டான். அவ்வளவுதான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. பொங்கலுக்கு வரவில்லை. சிவராத்திரிக்கு வரவில்லை. ஏன் என்று முத்துமணி கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

“ஒன் தம்பிக்குத் திமிரு,” என்பார் செல்வக்குமார். முன்னைப்போல் அதில் காரம் இருக்காது.

சித்திரை பிறந்தது. அன்றைக்கு வெயில் ரோட்டில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. மதியம் செல்வக்குமார் கடையைப் பாதி சாத்திவிட்டு மாடி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். முத்துமணி ரசம் ஊற்றினாள். அப்போது மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம். நிதானமான சத்தம். இரைப்பு இல்லை.

“வாரேன் அத்தான்.”

முத்துமணியின் முகம் பூத்துவிட்டது. “எந்தம்பி! கேட்டீங்களா? எந்தம்பி வந்துட்டான்!”

“தொறக்காதட்டி.”

“ஒங்க சண்டைய நீங்களே வச்சிக்கிடுங்க.” கரண்டியைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடினாள்.

எச்சில் கையோடு செல்வக்குமார் போனை எடுத்துத் தங்கப்பழத்தின் எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தான். காது கிழிய விசைத்தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, நாலு மாதத்துக்குப் பிறகு, அவன் ஒரே ஒரு சொல் பேசினான்.

“என்ன?”

வாசலில் தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. சித்திரை மதியத்தில் குளிர்ந்த காற்று ஒன்று வீட்டுக்குள் வந்தது.

“ஏலே, என்னல இது?” என்றாள் முத்துமணி, சிரிப்பும் அழுகையுமாக. “இப்படித் தொப்பலா நனஞ்சு போயி நிக்கே? ஊருல மழையே இல்லியே!”