எச்சில் பட்ட ஆறு

ஆறு நாறியது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்துக்குள் ஓடுகிற அடிஜே ஆறு அல்ல. சாய்வுப் பலகையில் நின்ற, இருநூற்றைம்பது வருடப் பழைய எண்ணெய் ஓவியத்தில் இருந்த அடிஜே.

ஓர்னெல்லா மூக்கைச் சுளித்துக்கொண்டே குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின் மேல் உருட்டினாள். பழைய படங்களைத் துலக்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். மனித எச்சிலைப் போல இதமாக அழுக்கை எடுப்பது வேறொன்றும் இல்லை. உருட்டிய பஞ்சு மட்டும் திரும்ப வாய்க்குப் போகக் கூடாது.

"அந்தப் படத்துக்கு வாயெல்லாம் எச்சில். எனக்கு ஒரு முத்தம்னா மட்டும் வாய் காஞ்சு போயிடும்," என்றான் அவள் கணவன் சில்வானோ, அடுப்படியிலிருந்து.

"உன் வாய்ல பூண்டு நாத்தம். கஞ்சிய கிண்டு, அடிப்பிடிக்கப் போகுது."

படத்தில், ஆற்றங்கரையில் ஒரு சலவைக்காரி. கையில் துணி மூட்டை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பழுப்புப் பிசுக்கு விலக விலக மூட்டைக்கு முகம் வந்தது. குழந்தை. வாய் பிளந்திருந்தது. உள்ளே நாக்கு காய்ந்த குட்டைச் சேறு போல வெடித்துக் கிடந்தது.

பின்னால் பீச்சே பசித்து வீறிட்டாள். அவர்களுடைய பதினோரு மாதக் குழந்தை. ஓர்னெல்லா திரும்பிப் பார்த்தபடியே பஞ்சை வாயில் வைத்தாள்.

உருட்டிய பஞ்சு.

சேறு, மீன் செதில், ஊறி அழுகிய துணி. துப்பினாள். கொப்பளித்தாள். உப்பைப் போட்டுத் தேய்த்தாள். பல்லிடுக்கில் கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு, விரலை விட்டால் உள்ளே நழுவியது.

"பசியில கத்துறா பாரு, ஊட்டி விடு," என்று சில்வானோ கிண்ணத்தை நீட்டினான்.

ரவைக் கஞ்சி. ஒவ்வொரு கரண்டியையும் உதட்டில் தொட்டுச் சூடு பார்த்து ஊட்டினாள், எப்போதும் போல. நான்கைந்து வாய் போன பிறகுதான் கை நின்றது. கரண்டி நுனியில் பழுப்பாக ஒரு நூல் தொங்கியது.

அவள் உதட்டிலிருந்து.

பீச்சே அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கொடு இங்க." சில்வானோ கரண்டியைப் பிடுங்கினான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை. கனத்தது. ஈரமண்.

அவள் கண் படத்துக்குப் போனது. சலவைக்காரியின் கையில் குழந்தை வாயை மூடியிருந்தது. உதடு ஈரமாக மின்னியது. கடைவாயில் வெள்ளையாக, இன்னும் ஆவி பறக்க, ஒரு சொட்டு ரவைக் கஞ்சி.

"எங்க, ஆ காட்டு என் தங்கம்," என்றான் சில்வானோ, கிண்ணத்தை வழித்தபடி.

பீச்சே சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

பழுப்பு நாக்கு. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. வெடிப்புகளுக்குள் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது, ஆற்றுத் தண்ணீர்.