அகலிகைக்கு நின்றவள்

சண்டைக்காலம். இலுப்பூர்க் கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில், ஓவியர் ரெங்கராஜ் தன் கல்லச்சு மெஷினை வண்டியிலிருந்து இறக்கினார். புராணப் படங்களை வரைந்து அச்சடித்து விற்பது அவர் தொழில். படம் வரைந்து அச்செடுக்க அவர் கையில் இருந்தது ஒரே கல். ஜெர்மனியிலிருந்து புதுக்கல் வருவது நின்றுபோயிருந்தது. பழைய படத்தைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அதிலேயே புதுப்படம் போட வேண்டும்.

கடைசியாக அந்தக் கல்லில் இருந்தது அகலிகை.

அந்தப் படத்துக்கு மாதிரியாக நின்றவள், அப்போது அவர் குடியிருந்த புதுக்கோட்டையில் அடுத்த வீட்டுச் சொர்ணவல்லி. "நிக்கிற தோரணைய மட்டும் எடுத்துக்கங்கண்ணே. என் மொகம் வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் நின்றாள். சரியென்று தலையாட்டிய மனிதர், படம் விலைபோக வேண்டுமே என்று அவள் முகத்தை அப்படியே வைத்துவிட்டார். கடைகடையாகப் படம் தொங்கியது.

"ஏம்மா அகலிகை, ராமரு இன்னும் வரலியா?"

தெருவே கேலி பேசியது. புருசன் வீட்டைவிட்டுத் துரத்தினான். அவள் கிணற்றில் விழுந்தாள். கண்ணுகளா, ரெங்கராஜ் அந்தச் சாவுக்குக்கூடப் போகவில்லை. ஊரைவிட்டே இலுப்பூருக்கு வந்துவிட்டார்.

மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் மகாலட்சுமியை வரைந்தார். வெயில் ஏறிய நேரம். அறை முழுக்க மை நெடி. மெஷின் சுற்றும் ராக்கன் முதல் தாளை உரித்தான்.

"அண்ணே, கல்லை ஒழுங்காத் தேய்க்கலியா? பழைய மூஞ்சியே வந்திருக்கு."

தாமரை மேல், தலைகுனிந்து, சொர்ணவல்லி.

"மை கூடிப்போச்சுடா. இன்னொன்னு போடு."

அடுத்த தாளில் அவள் தலை நிமிர்ந்திருந்தாள்.

அதற்கடுத்ததில் அவரைப் பார்த்தாள்.

"நான் போறேண்ணே." ராக்கன் சக்கரத்தை விட்டுப் பின்வாங்கினான். "எங்காத்தாளுக்கு நான் ஒத்தப் புள்ள."

ஓடிவிட்டான்.

ரெங்கராஜ் தானே சக்கரத்தைப் பிடித்தார். உயிரோடு இருந்தபோது கேட்காத மன்னிப்பை இப்போதாவது கேட்டுவிட வேண்டும்.

"தாயி, தப்புப் பண்ணிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்."

தாளுக்குத் தாள் முணுமுணுத்தார். அவள் எழுந்தாள். ஒரு காலைக் கீழே வைத்தாள்.

கடைசித் தாளில் தாமரை மட்டும் இருந்தது.

மன்னித்துப் போய்விட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

முன்கட்டிலிருந்து அவர் மனைவி உண்ணாமலை குரல் கொடுத்தாள்.

"ஏங்க, யாரோ ஒரு பொம்பள வந்து நிக்கிது. சேலையெல்லாம் ஈர மை. கேட்டாப் பேச மாட்டேங்குது. உள்ள வரச் சொல்லவா?"

ரெங்கராஜ் கதவைப் பார்த்தபடி மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"சரி, நீங்க அங்கிட்டே இருங்க" என்றாள் உண்ணாமலை. "அதுவே வருது."